சாயத்துக்கு அடியில்: பழைய காடியும் அதன் மறைந்த வரலாறும்

பழைய காடி ஒன்றை விற்பவரும் வாங்குபவரும் ஒரே பொருளின் முன்னால் நின்றாலும் இருவர் கண்ணுக்கும் தெரிவது ஒன்றல்ல. எந்த ஆண்டு எதில் மோதியது, இயந்திரம் எத்தனை முறை சூடேறி நின்றது, எந்த மழையில் எந்த அளவுக்குத் தண்ணீர் ஏறியது என்பதெல்லாம் விற்பவருக்குத் தெரியும், அல்லது தெரிந்துகொள்ள வழியுண்டு. வாங்குபவருக்குத் தெரிவதோ அன்று காலையில் கழுவித் துடைத்து வைத்த சாயம் மட்டுமே. இந்த இடைவெளியைப் பொருளியலாளர்கள் தகவல் சமமின்மை என்பர். ஒரு பேரத்தின் முக்கியமான செய்தி ஒரு தரப்புக்குத் தெரிந்து மறுதரப்புக்குத் தெரியாமல் இருக்கும் நிலை அது. கெடா மாநிலத்தின் தோட்டப்புறங்களிலும் அவற்றைச் சூழ்ந்த சிறு நகரங்களிலும் ஒரு தொழிலாளர் குடும்பம் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெருந்தொகை கொடுத்து வாங்கும் பொருள் பெரும்பாலும் பழைய காடிதான் என்பதால், இந்த இடைவெளி எப்படி உண்டாகிறது, உலோகமும் மின்கம்பியும் எண்ணெயும் அதை எவ்வாறு காட்டிக்கொடுக்கின்றன, சட்டம் அதை எந்த அளவுக்கு நிரப்புகிறது என்பவை அவர்களின் சோற்றையும் சம்பளத்தையும் தொடும் கேள்விகளாகின்றன.

இக்கேள்விக்குத் தெளிவான கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர் அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப். அமெரிக்கப் பேச்சு வழக்கில் ‘லெமன்’ எனப்படும் குறையுள்ள காடிகளின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவர் எழுதிய கட்டுரையை மூன்று ஆய்விதழ்கள் ஏற்க மறுத்தன. 1970இல் நான்காவது இதழில்தான் அது வெளிவந்தது. 2001இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோரோடு அவர் பொருளியலுக்கான நோபெல் பரிசைப் பெற்றதற்கு அக்கட்டுரையே முதன்மைக் காரணம். 1967–68இல் டில்லியில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய அக்கர்லாஃப், இந்தியக் கடன் சந்தையைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். கடன் கேட்பவரின் நாணயத்தை நேரில் அறிந்த உள்ளூர் வட்டிக்காரரால் கடன் கொடுத்துப் பிழைக்க முடிகிறது. அந்த அறிவு இல்லாத வெளியூர்க்காரர் குறைந்த வட்டிக்குக் கொடுக்க வந்தால், திருப்பித் தராதவர்களே அவரைத் தேடி வந்து சேர்வார்கள் என்பது அவருடைய வாதம். பழைய காடிக்கும் கிராமத்துக் கடனுக்கும் பொதுவாக ஒரே தர்க்கம் ஓடுவதை அவர் கண்டதுதான் அக்கட்டுரையின் பெருமை.

அந்தத் தர்க்கத்தைச் சுங்கை பட்டாணியில் ஒரு கற்பனைச் சந்தையாக அமைத்துப் பார்க்கலாம். வெளித்தோற்றத்தில் வேறுபாடில்லாத, ஒரே வயதுடைய சிறு காடிகளில் பாதி நல்லவை, பாதி குறையுள்ளவை என்றும், நல்லதன் உண்மை மதிப்பு 20,000 வெள்ளி, குறையுள்ளதன் மதிப்பு 8,000 வெள்ளி என்றும் கொள்வோம். எது நல்லது என்று பிரித்தறிய இயலாத வாங்குநர் சராசரியான 14,000 வெள்ளிக்கு மேல் தரத் துணியமாட்டார். அந்த விலையில் நல்ல காடியை விற்பவருக்கு 6,000 வெள்ளி நட்டம் என்பதால் அவர்களில் பலர் காடியைத் தம்பிக்கோ மச்சானுக்கோ கொடுத்துவிட்டுச் சந்தையை விட்டு விலகுகின்றனர். குறையுள்ளதை வைத்திருப்பவருக்கோ அதே விலை 6,000 வெள்ளி ஆதாயம். நல்லவை கால் பங்காகக் குறைந்ததும் சராசரி 11,000 வெள்ளிக்கு இறங்குகிறது, மிச்சமிருந்த நல்லவையும் விலகுகின்றன. பாதகத் தேர்வு எனப்படும் இந்த நிகழ்வில் எவரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை; குறையைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தாலே போதும்.

இக்கோட்பாடு எல்லாக் காடிகளுக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை. எரிக் பாண்ட் என்ற ஆய்வாளர் 1982இல் அமெரிக்காவின் பழைய பிக்கப் லாரிகளை ஆராய்ந்தபோது, கைமாறியவை கைமாறாதவற்றைவிட அதிகப் பழுது கண்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் ஈராண்டு கழித்து அவர் மேற்கொண்ட மறு ஆய்வில், பத்தாண்டுக்கு மேற்பட்ட வண்டிகளில் அந்த வேறுபாடு தென்பட்டது. வயது ஏற ஏற வண்டியின் வரலாறு நீள்கிறது, மறைப்பதற்கும் அதிகம் சேர்கிறது. தோட்டப்புறத்துக் குடும்பத்தின் பணத்துக்கு எட்டுவது பெரும்பாலும் இந்த வயதுக் காடிகளே என்பதுதான் இதில் கவலைக்குரிய செய்தி.

தோட்டங்கள் முழுமையாக இயங்கிய காலத்தில் இந்த இடைவெளி குறுகியதாக இருந்தது. பீடோங்கின் ஹார்வார்ட் தோட்டம், பாடாங் செராயின் விக்டோரியா, ஹென்ரியேட்டா தோட்டங்கள், கூலிம் வட்டாரத்தின் டப்ளின் தோட்டம் போன்ற இடங்களில் வண்டி வைத்திருந்தவர்கள் சிலரே. யாருடைய மோட்டார் எந்தப் பட்டறையில் எதற்காக எத்தனை நாள் கிடந்தது என்பது லயம் முழுவதும் அறிந்த செய்தியாக இருந்தது. விற்றவர் மறுநாள் விடியற்காலையில் அதே பெரட்டில் முகம் காட்ட வேண்டியவர் என்பதே வாங்கியவருக்குக் கிடைத்த உத்தரவாதம். பால் மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டு, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் சுங்கை பட்டாணி, லூனாஸ், பாடாங் செராய் ஆகிய ஊர்களின் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த ஊரறிவும் கலைந்துபோனது. 1985இல் புரோட்டோன் சாகாவும் 1994இல் பெரோடுவா கஞ்சிலும் வந்து காடியைச் சாதாரணக் குடும்பத்தின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தன. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டதும், இரவு ஷிப்ட் முடிந்து பேருந்து கிடைக்காத நேரத்தில் வீடு திரும்ப வேண்டிய இளைஞர்களுக்குக் காடி தவிர்க்க முடியாத தேவையானது. குரூணிலும் கூலிமிலும் காடிகளைப் பொருத்தும் தொழிற்சாலைகளே உள்ள மாநிலத்தில், அங்கு வேலை செய்பவர்களில் பலர் தமக்கென வாங்குவது முன்பின் அறியாதவரிடமிருந்து நான்கைந்து கை மாறி வந்த வண்டியைத்தான்.

அறிமுகம் தந்த அறிவு போய்விட்ட இடத்தில், பொருள் தானே தரும் அறிவு ஒன்று எஞ்சியிருக்கிறது. இயந்திரம் அனுபவித்தது எதுவும் தடமின்றி மறைவதில்லை. தடத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஓட்டமானி, அதாவது காடி ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் கருவி. பழைய வகையில் கியர் பெட்டியிலிருந்து வரும் வளையும் கம்பி ஒன்று பற்சக்கரங்களைச் சுழற்ற, ஒரு சக்கரம் பத்து இலக்கம் நகர்ந்தால் அடுத்தது ஓர் இலக்கம் நகரும். அதைத் திருகிப் பின்னுக்குத் தள்ளினால் எண்கள் நேர்கோட்டில் நிற்காமல் சற்று ஏறி இறங்கி நிற்பதுண்டு. இன்றைய காடிகளில் வேகத்தை உணரும் உணரி அனுப்பும் மின்துடிப்புகள் எண்ணப்பட்டு, மின்சாரம் இல்லாதபோதும் அழியாத ஒரு சிறிய நினைவகச் சில்லில் பதிகின்றன. அச்சில்லை வெளிக்கருவியால் திருத்தி எழுதிவிடலாம் என்பதால், 1,80,000 கிலோமீட்டர் ஓடிய காடி பட்டறையை விட்டு 80,000 என்று வெளிவருவது கடினமான வேலையன்று. ஆயினும் பல காடிகளில் இயந்திரக் கட்டுப்பாட்டு அலகு, தானியங்கிக் கியரின் அலகு, பிரேக் அலகு ஆகியவை தூரத்தையோ இயங்கிய மணிக்கணக்கையோ தனித்தனியே குறித்து வைத்திருக்கும். முகப்பில் ஓர் எண்ணும் உள்ளே வேறோர் எண்ணும் இருந்தால் திருத்தியவர் ஒன்றை மறந்திருக்கிறார் என்று பொருள்.

கருவி இல்லாதவருக்கும் வழி உண்டு. கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பர் வழவழப்பாகத் தேய்வதற்கும், ஸ்டியரிங் உறை பளபளப்பதற்கும், ஓட்டுநர் ஏறி இறங்கும் பக்கத்தில் இருக்கையின் விளிம்பு அமுங்கிச் சரிவதற்கும் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டம் தேவை. குறைந்த ஓட்டம் காட்டும் மீட்டருக்குக் கீழே புத்தம் புதிய மிதி ரப்பர் பூட்டப்பட்டிருந்தால் அந்தப் புதுமையே சந்தேகத்துக்குரியது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் பொறித்த நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும்; 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் வார்த்த டயர். இத்தனை ஆண்டில் இத்தனை டயர் மாற்றம் என்ற எளிய கணக்கு, மீட்டர் சொல்லும் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும்.

அடுத்தது மோதலின் தடம். தொழிற்சாலையில் பூசப்படும் சாயத்தின் எல்லா அடுக்குகளும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் தடிப்பே இருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மோதி நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தி, பட்டி எனப்படும் நிரப்புப் பசையைப் பூசித் தேய்த்து, அதன் மேல் சாயம் அடிக்கும்போது அந்தத் தடிப்பு 500 மைக்ரானைத் தாண்டும், சில இடங்களில் ஒரு மில்லிமீட்டரையும் கடக்கும். சாயத் தடிப்புமானி இதைக் காந்தவிசையால் அளக்கிறது: கருவியின் முனைக்கும் இரும்புத் தகட்டுக்கும் இடையே உள்ள தூரம் கூடக்கூட அவற்றுக்கிடையேயான காந்தப் பாயம் குறையும், அந்தக் குறைவைக் கருவி மைக்ரானாக மாற்றிக் காட்டும். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தமும் இதே விதிப்படி, பட்டி தடித்த இடத்தில் பிடிப்பின்றி நழுவும். முதலில் கூரையில் அளந்து, அதனோடு கதவுகளையும் மட்கார்டுகளையும் ஒப்பிட வேண்டும். கூரை மோதலில் அடிபடுவது அரிது என்பதால் அது நல்ல அளவுகோல், அதிலேயே பட்டி இருந்தால் காடி கவிழ்ந்திருக்கலாம். வெயிலில் வெளிறிய சாயத்தை மறுபடி அடித்தவர்களும் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சாயம் தடித்திருப்பது விளக்கம் கேட்பதற்குக் காரணம். அதை மட்டும் வைத்து விற்பவரைக் குற்றவாளி ஆக்கிவிட முடியாது.

சாயத்தைவிடப் பற்றவைப்பு வெளிப்படையாகப் பேசும். இன்றைய காடிக்குத் தனியான அடிச்சட்டகம் கிடையாது. மடித்த தகடுகள் ஒன்றோடொன்று இணைந்து உருவாகும் கூடே பாரத்தைத் தாங்குகிறது. இரு தகடுகளைச் செம்பு முனைகளுக்கு நடுவே அழுத்தி, நொடியில் சிறு பங்கு நேரத்துக்குப் பல்லாயிரம் ஆம்பியர் மின்சாரத்தைச் செலுத்தினால் அந்தப் புள்ளியில் இரும்பு உருகி ஒட்டிக்கொள்கிறது. இதுவே புள்ளிப் பற்றவைப்பு. இயந்திரக்கை இடுகின்ற இப்புள்ளிகள் ஒரே இடைவெளியில், ஒரே வட்ட அளவில் அமையும். கதவைத் திறந்து விளிம்பின் ரப்பரை மெல்ல இழுத்துப் பார்த்தால் அவை வரிசையாகத் தெரியும். வரிசை குலைந்தோ, புள்ளிகளுக்குப் பதில் நீண்ட தழும்பு போன்ற கோடு ஓடியோ இருந்தால் அங்கே மனிதக் கை பட்டிருக்கிறது. மலேசியப் பட்டறைகளில் வெட்டி ஒட்டிய காடி என்று சொல்லப்படுவது, முன்புறம் நசுங்கிய ஒன்றின் பின்பாதியையும் பின்புறம் நசுங்கிய ஒன்றின் முன்பாதியையும் இணைத்தது. தரைவிரிப்பைத் தூக்கினால் குறுக்கே ஓடும் தையல் அதைச் சொல்லிவிடும். கூட்டின் சில பகுதிகள் சூடேற்றிச் சட்டென்று குளிர்விக்கப்பட்ட உயர்வலு எஃகால் ஆனவை, அந்த வலு அதன் நுண்படிக அமைப்பிலிருந்து வருவது. பட்டறையின் பற்றவைப்புச் சூடு அந்த அமைப்பை மாற்றி அங்கே எஃகை மென்மையாக்கிவிடுவதால், அடுத்த மோதலில் எந்த இடம் மடியும், எந்த இடம் பயணியைக் காக்கும் என்ற வடிவமைப்பாளரின் கணக்கே பொய்த்துப் போகிறது. உயிரோடு விளையாடும் இந்த வகை ஏமாற்றுக்கு விலைக்குறைப்பு எந்த வகையிலும் ஈடாகாது.

இவை எல்லாவற்றையும்விடக் கெடாவில் வாங்குபவர் ஆழ்ந்து அறிய வேண்டியது வெள்ளம் கண்ட காடியைப் பற்றி. 2010 நவம்பரில் அலோர் ஸ்டாரையும் ஜித்ராவையும் சூழ்ந்த வெள்ளம் வட-தெற்கு நெடுஞ்சாலையையே மூடவைத்தது. 2022 ஜூலை 4ஆம் தேதி பாலிங் மாவட்டத்தின் கூப்பாங் வட்டாரத்தில் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் சேற்றையும் மரங்களையும் அடித்துக்கொண்டு வந்து உயிர்களையும் பறித்தது. இரண்டும் காடிக்குச் செய்யும் கேடு வேறு வேறு. மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின் நெல்வயல்கள் பரந்த வடசமவெளி மிகத் தட்டையானது. அங்கே தண்ணீர் நாட்கணக்கில் நின்று நுரைப்பஞ்சிலும் கம்பிக்கட்டுகளிலும் ஊறுகிறது. பாலிங்கின் மலையடிவாரத்திலோ தண்ணீர் விரைந்து வடிந்தாலும் நுண்ணிய வண்டலை டைனமோவிலும் பேரிங்குகளிலும் பிரேக்குகளிலும் திணித்துவிட்டுப் போகிறது. 2021 டிசம்பரில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற இடங்களிலும் காடிகள் பெருந்திரளாக மூழ்கின. வாகனச் சந்தைக்கு மாநில எல்லை கிடையாது என்பதால், கெடாவில் வெள்ளமே வராத ஆண்டிலும் வெள்ளக் காடி அங்கே விற்பனைக்கு வரலாம்.

வெள்ள நீர் தூய நீரன்று. மண்ணின் உப்புகள், வயலின் உரம், சாக்கடையின் கழிவு ஆகியவை கரைந்து மின்சாரத்தைக் கடத்தும் கரைசல் அது. பேட்டரி இணைப்பில் இருக்க, கம்பிகளின் இணைப்பிகள் அதில் மூழ்கும்போது மின்பகுப்பு நடக்கிறது, அதாவது மின்னோட்டத்தால் உந்தப்பட்ட வேதிமாற்றம்: நேர்மின் பக்கத்து முனையின் செம்பு அயனிகளாகக் கரைந்து வெளியேறுகிறது. தண்ணீர் வற்றிய பின்னும் வேலை முடிவதில்லை. முனைகளில் படிந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி, நீலப்பச்சைக் களிம்பை மெல்ல மெல்ல வளர்க்கிறது. இழைகள் முறுக்கிய கம்பிக்குள் தந்துகிக் கவர்ச்சியால் ஏறிய நீர், காப்பு உறைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் அரித்துக்கொண்டே போகிறது. விற்பனை நாளன்று எல்லா விளக்கும் எரிந்த காடி மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்துக் கோளாறு காட்டத் தொடங்குவது இதனால்தான். அதற்குள் கடைக்காரர், ஓட்டியவர் மேல் பழியைப் போட்டுவிட முடிகிறது.

அந்தக் கோளாறு எப்படிப் பேரிழப்பாகிறது என்பதை ஒரே ஓர் இணைப்பியில் பின்தொடரலாம். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தை அளக்கும் உணரி, சூடு ஏற ஏற மின்தடை குறையும் பொருளால் ஆனது. தடை குறைந்தால் சூடு, கூடினால் குளிர் என்று கட்டுப்பாட்டு அலகு புரிந்துகொள்கிறது. இணைப்பியில் களிம்பு ஏறித் தடை கூடியதும், கொதிக்கும் இயந்திரத்தைக் கூட அலகு குளிர்ந்தது என்றே கணிக்கிறது. அதன் விளைவாக அது பெட்ரோலைத் தேவைக்கு மேல் தெளிக்கிறது, காற்றாடியைச் சுழற்ற வேண்டிய நேரத்தைத் தாண்டவிடுகிறது. பெட்ரோல் செலவு கூடுகிறது என்ற முறையீட்டோடு காடி பட்டறைக்குப் போகிறது. போர்மன் உணரியை மாற்றுகிறார், பிளக்கை மாற்றுகிறார், குறை தீர்வதில்லை. ஒருநாள் கூலிம் நெடுஞ்சாலையில் இயந்திரம் கொதித்து, அதன் தலைப்பகுதி வளைந்து, பல ஆயிரம் வெள்ளிச் செலவில் முடிகிறது. தொடக்கம் ஒரு குண்டூசித் தலையளவு களிம்பு.

ஓடும் இயந்திரம் தண்ணீரை உள்ளிழுத்திருந்தால் கேடு வேறு வகையானது. சிலிண்டருக்குள் காற்றைப் பத்தில் ஒரு பங்காக அமுக்குவதற்கென அமைந்த பிஸ்டன், அமுக்கத்துக்கு ஏறக்குறைய இடங்கொடாத தண்ணீரைச் சந்திக்கும்போது அதைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைகிறது. பெரிதாக வளைந்தால் இயந்திரம் அங்கேயே நிற்கும். இலேசாக வளைந்தால் தண்ணீரை வெளியேற்றி எண்ணெயை மாற்றியதும் ஓடும், ஆனால் வளைந்த தண்டு ஒவ்வொரு சுற்றிலும் உலோகச் சோர்வைச் சேர்த்துக்கொண்டு என்றோ ஒருநாள் முறியும். தானியங்கிக் கியரில் நீர் கலந்தால் உராய்வுத் தகடுகளின் காகிதம் போன்ற மேற்பரப்பு ஈரம் குடித்துப் பசை விட்டு உரிகிறது.

வெள்ளத்தின் தடத்தைத் தேட வேண்டிய இடம் கழுவுபவரின் கை எட்டாத இடம். இருக்கை வாரைக் கடைசி வரை வெளியே இழுத்தால், சுருளுக்குள் இருந்த பகுதியில் வண்டல் கோடு ஒன்று தெரியலாம். இருக்கை நகரும் தண்டவாளத்தின் திருகாணிகள், ஸ்பேர் டயர்க் குழி, தரைவிரிப்புக்கு அடியில் உள்ள நுரைப்பஞ்சு, முகப்பு விளக்கின் உட்புறம், டாஷ்போர்டின் கீழே கம்பிக்கட்டைச் சுற்றிய நாடா ஆகியவற்றில் துருவும் சேறும் ஒளிந்திருக்கும். கனமான வாசனைத் திரவியம் தெளித்த காடியைக் கண்ணாடி ஏற்றி வெயிலில் அரைமணி நேரம் நிறுத்தினால் பூஞ்சை வாடை மேலெழும்.

இயந்திரத்தின் பேச்சையும் சில காலம் அடக்கி வைக்கலாம். தேய்ந்த இயந்திரத்தில் கெட்டியான எண்ணெயை ஊற்றினால் நீலப்புகை சில வாரங்களுக்குத் தணியும்; வாங்குபவர் வருமுன் இயந்திரத்தைச் சூடேற்றி வைத்தால் குளிர்ந்த நிலையில் எழும் தட்டல் கேட்காது. ஆகவே காலையில் முதன்முறை இயக்கும்போது உடனிருக்க வேண்டும் என்று போர்மன்கள் சொல்வது அனுபவ அறிவியல். எச்சரிக்கை விளக்கை அணைக்கக் கோளாறுக் குறியீடுகளை நினைவகத்திலிருந்து அழிப்பதும் உண்டு. ஆனால் அண்மைக்காலக் காடிகள் பலவற்றில், அழித்த கணத்திலேயே புகைக் கட்டுப்பாட்டுச் சோதனைகளின் தயார்நிலைக் குறிகளும் சேர்ந்து அழிந்துவிடுகின்றன. குளிர்ந்த இயக்கம், நெடுஞ்சாலை ஓட்டம் என்று பலவகை ஓட்டங்கள் நடந்த பிறகே அவை மீண்டும் நிறையும். கோளாறு எதுவும் இல்லை, சோதனை எதுவும் முடியவும் இல்லை என்று கருவி காட்டினால், குறியீடுகள் அண்மையில் அழிக்கப்பட்டன என்றோ பேட்டரி கழற்றப்பட்டது என்றோ கொள்ளலாம்.

இத்தனைக்கும் நடுவே, அரசு ஆய்வு முடிந்த காடி என்ற சொல்லைப் பலர் உத்தரவாதமாக எடுத்துக்கொள்கின்றனர். 1994இல் தொடங்கிய புஸ்பாகோம் நிறுவனத்தின் வழியே பழக்கமான பி5 ஆய்வு உரிமை மாற்றத்துக்கும், பி7 ஆய்வு கடன் வழி வாங்குவதற்கும் உரியவை. எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவோடு ஒத்துள்ளனவா, அன்றைய நிலையில் காடி சாலையில் பாதுகாப்பாக ஓடுமா என்பதைப் பார்ப்பதே அவற்றின் நோக்கம். கியர் பெட்டி இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்பதோ, இணைப்பிக்குள் களிம்பு வளர்கிறதா என்பதோ அந்தத் தாளில் இடம்பெறுவதில்லை.

சட்டத்தின் பக்கம் வந்தால், மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் காடியையும் பொருளாகவே கருதுகிறது. விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருக்கும் என்ற உத்தரவாதத்தை, ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் இருப்பதாகச் சட்டமே சேர்க்கிறது. தரத்தை அளக்கும்போது விலையையும் பொருளின் இயல்பையும் கருத வேண்டும் என்பதால், பத்தாண்டுக் காடி புதுக்காடி போல் இருக்க வேண்டும் என்று எவரும் கேட்க முடியாது. வாங்குமுன் சுட்டிக்காட்டப்பட்ட குறைக்காகப் பின்னர் வழக்காடவும் இயலாது. மறைத்த குறைக்கு அந்தத் தடை இல்லை, இச்சட்டம் தரும் பாதுகாப்பை ஒப்பந்த வாசகத்தால் நீக்கவும் முடியாது.

கடனுக்கு வாங்குபவரை ஆளும் 1967ஆம் ஆண்டுத் தவணைக் கொள்முதல் சட்டத்தில் கவனமாகப் படிக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. அச்சட்டமும் தரத்துக்கான நிபந்தனையை உட்கிடையாகச் சேர்க்கிறது. ஆனால் பொருள் பழையது, தரத்தைப் பற்றிய நிபந்தனைகள் விலக்கப்படுகின்றன என்று ஒப்பந்தத்தில் எழுதி, அது தமக்குச் சுட்டிக்காட்டப்பட்டதென வாங்குபவர் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுவிட்டால், அச்சட்டத்தின்படி அந்த நிபந்தனை விலகிவிடும். மலாயிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி, இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று கையெழுத்து வாங்கும் வேகத்தில், தோட்டத்துப் பள்ளியோடு படிப்பு முடிந்த ஒருவர் தமது பாதுகாப்பைத் தாமே எழுதிக் கொடுத்ததை அறியாமல் வெளியே வருகிறார். அதே சட்டத்தின் மற்றொரு பிரிவு அவருக்குத் துணை நிற்கிறது: பேரத்தின்போது கடைக்காரர் வாய்மொழியாகச் சொன்ன உறுதிமொழி பொய்யானால், ஒப்பந்தத்தை ரத்துச்செய்யும் உரிமையை நிதி நிறுவனத்துக்கு எதிராகவும், இழப்பீடு கோரும் உரிமையைச் சொன்னவருக்கு எதிராகவும் அது தருகிறது. வாய்ச்சொல்லை மெய்ப்பிப்பதுதான் கடினம் என்பதால், மீட்டர் உண்மையானது, வெள்ளம் கண்டதில்லை, பெரிய விபத்து இல்லை என்ற மூன்றையும் ரசீதிலோ குறுஞ்செய்தியிலோ எழுத்தாகப் பெற்றுக்கொள்வது இச்சட்டத்தின் முழுப் பயனையும் தரும்.

சிங்கப்பூர் 2012 செப்டம்பர் 1 முதல் வேறொரு வழியைக் கைக்கொண்டது. பழைய பொருட்களுக்கும் பொருந்தும் அதன் சட்டப்படி, கையளித்த ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை கையளிக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். அப்படியில்லை என்று காட்டுவது விற்பவரின் பொறுப்பு. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் இத்தகைய காலவரையறையுள்ள அனுமானம் எழுதப்படவில்லை. செம்பு முனையில் களிம்பு வளரும் வேகத்தைக் கருதினால், இந்த ஆறு மாத விதி அறிவியலுக்கு மிக நெருங்கியது என்றே சொல்ல வேண்டும். அறிந்தவர் மேல் சுமையை வைக்கும் சட்டமே அக்கர்லாஃப் கண்ட இடைவெளியை உண்மையில் குறுக்குகிறது. கெடாவின் தொழிலாளர் குடும்பங்களுக்கு அது கிடைக்க வேண்டும்.

அதுவரை மெய்ப்பிக்கும் சுமை வாங்கியவருடையதே. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, 5 வெள்ளிக் கட்டணத்தில், பொதுவாக வழக்கறிஞர் இன்றியே பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வைக்கலாம். கோரிக்கைக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தமிழிலும் வெளியீடுகளைக் கொண்டுவருவது, பினாங்குக்கு அண்டையில் உள்ள தென்கெடாத் தமிழருக்கு உதவியானது. மன்றத்தின் முன் எடுபடுவது, குறை வாங்கிய நாளிலேயே இருந்தது என்பதைக் காட்டும் தடயம். எனவே குறை கண்டதும் பழுதுபார்க்கக் கொடுக்காமல், கடைக்குத் தொடர்பில்லாத பட்டறை ஒன்றில் காட்டி, தேதியும் மீட்டர் எண்ணும் குறித்த எழுத்து அறிக்கை பெற வேண்டும். இருக்கை வாரின் வண்டல் கோடு, களிம்பு பிடித்த இணைப்பி, தரையின் பற்றவைப்புத் தையல் ஆகியவற்றைக் காடியின் எண் தகடும் ஒரே தொடரில் வருமாறு படம் எடுக்க வேண்டும். கழற்றிய பாகத்தைப் போர்மன் வீசிவிடாமல் பையில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.